முடிவிலி முள்

அன்று சன்னிதித் தெருவில் இருந்தவர்கள் இவர்கள்: பட்டுவேட்டியின் மடிப்புக் கலையாமல் நடுநாற்காலியில் அமர்ந்திருந்த கோயில் தர்மகர்த்தா குற்றாலலிங்கம், அவருக்கு வலப்புறம் அரிசி ஆலை முதலாளி பொன்னுலிங்கம், இடப்புறம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட தலைமையாசிரியர் ஞானசிகாமணி, அவர்களுக்குப் பின்னால் குடமுழுக்குச் செய்த களைப்போடு பட்டர், அவருக்கும் பின்னால், புதுத்துண்டு போர்த்திய தெரு ஆண்கள் அத்தனை பேரும், மாடிக் கைப்பிடிச் சுவர்களில் அவர்கள் வீட்டுப் பெண்கள், தாமதமாக வந்து வரிசையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்ட சுகாதாரச் செவிலி செல்வரத்தினம், எதிரே, கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, கோமதி ஸ்டூடியோ ஆவுடையப்பன், அவனிடமிருந்து ஒரு கை தூரம் விட்டு, லென்ஸின்மேல் வெயில் விழாமல் குடை பிடித்துக்கொண்டு, வெயிலாட்சி. படத்தில் இருப்பவர்களின் பெயர்களை மட்டும் சொல்வது அரசடிக்குறிச்சியின் வழக்கம். குடை பிடித்தவள் படத்தில் விழமாட்டாள். அதனால்தான் தெருக்காரர் ஒருவரும் குடை பிடிக்க முன்வரவில்லை. அதனால்தான் தேர்முட்டியில் உதிர்ந்த பூவைக் கூட்டிக்கொண்டிருந்த அவளைக் கூப்பிட்டார்கள். மாமியாரிடம் கைப்பிள்ளையை விட்டுவிட்டு, அடுத்து பால் கொடுக்கும் நேரத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிக் கிழக்கே காலனியிலிருந்து அவள் வந்திருந்தாள்.

அந்தக் கேமராவும் பிறவியிலேயே அகன்ற பார்வை உடையதன்று. ஆவுடையப்பனின் தகப்பனார் கல்யாண வீடுகளுக்குத் தூக்கிப்போன மடிப்புக் கேமரா அது. முன்கதவைத் திறந்தால் துருத்தி நீண்டு, லென்ஸ் வெளியே வந்து நிற்கும். மணமக்களையும் மாமன்மாரையும் எடுக்க அது போதுமானதாக இருந்தது. குடமுழுக்கன்று கோபுரமும் தேரும் தெருவும் தெருவின் பெரிய மனிதர்களும் ஒரே படத்தில் விழவேண்டும் என்று குற்றாலலிங்கம் சொன்னபோது அது போதவில்லை. பின்னால் நகர்ந்து எடுக்கலாம் என்றால் தெருவின் மேற்கு முனையில் ஆலைச் சுவர் முதுகில் இடித்தது.

"என் சுவரை இடிக்கணுமா வே, படத்துக்கு?" என்று பொன்னுலிங்கம் கேட்டார்.

"சுவரு இருக்கட்டும் அண்ணாச்சி. கேமராவை இடிச்சுக்கிடுதேன்" என்றான் ஆவுடையப்பன்.

இடித்தும் விட்டான். பொத்தலாகிப்போன துருத்தியை அறுத்தெறிந்து, முன்பலகையை ரம்பத்தால் வெட்டி, நில அளவைக்காரர்கள் கைவிட்டுப்போன அகலக்கோண லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தான். அப்படிப்பட்ட லென்ஸ் பிலிமின் மூக்கோடு மூக்கு உரசுவதுபோல் நெருங்கி அமர்ந்தால்தான் பார்வை விரியும் என்பதால், பித்தளைத் தகட்டை வளைத்துக் குட்டையான கழுத்து ஒன்று செய்து, பழுதான புரொஜெக்டரிலிருந்து எடுத்த திருகுவளையத்தை அதில் பூட்டி, உட்புறம் முழுவதும் கறுப்பு மை தீட்டி, தன் கைத்திறமையில் தானே மயங்கினான். மிச்சமிருந்த வேலை ஒன்றுதான். பிலிம் நிற்கவேண்டிய இடத்தில், பிம்பம் விழுவதற்காக உரசி மங்கலாக்கிய கண்ணாடியை வைத்து, மிகமிகத் தொலைவில் இருக்கும் ஒன்றைப் பார்த்து, அது கண்ணாடியில் துலங்கும்வரை வளையத்தைத் திருகி, அந்த இடத்தில் ஒரு முள்ளை இறக்கவேண்டும். வளையம் அந்த முள்ளைத் தாண்டித் திரும்பாது. கழன்று விழவும் செய்யாது. அதுவே முடிவிலி. அதற்கப்பால் அந்தக் கேமராவுக்குத் தூரம் என்று ஒன்று கிடையாது.

தகப்பனார் எப்போதும் மேற்கே மலையுச்சியைப் பார்த்துத்தான் முள் இறக்குவார். அது ஆனி மாதம். சாரல் கட்டிக்கொண்டு, மலை இருந்த இடத்தில் ஈரச்சாம்பல் மட்டும் தொங்கியது. காத்திருக்கும் பொறுமை ஆவுடையப்பனுக்கு இல்லை. கிழக்கு ஜன்னல் பக்கம் கேமராவைத் திருப்பினான். வயலுக்கு அப்பால், நான்கு கால்களில், காலனியின் தண்ணீர்த் தொட்டி நின்றது. அங்கிருந்து பெண்கள் பொழுது விடியுமுன் வந்து இந்தத் தெருவைக் கூட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதும், அங்கே மீன் கொதித்தால் இங்கே மணக்கும் என்பதும் அவன் அறியாதவையல்ல. ஆனால் அவன் ஆயுளில் ஒருமுறைகூட அங்கே நடந்துபோனதில்லை. தொலைவு எங்கே என்று தேடிய கண்ணுக்கு அதுவே தொலைவாகப் பட்டது. தொட்டி துலங்கியது. முள்ளை இறக்கினான். படுத்திருக்கும் எட்டைப்போன்ற குறியைப் பக்கத்தில் ஊசியால் கீறினான்.

படம் எடுத்து முடிந்ததும் வெயிலாட்சி குடையை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். தெருமுனையில் வரப்பில் இறங்கினாள். அவள் நடக்க நடக்கத் தொட்டி அதே அளவில் நின்றது. நெற்பயிர் கால்களை உரசிக்கொண்டே இருந்தது. மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. பொழுது சாய்ந்தபோது திரும்பிப் பார்த்தாள், தெருமுனை அவள் குதிகாலுக்குப் பின்னாலேயே இருந்தது. திரும்பி வர அவளுக்கு ஓரெட்டு போதுமானதாக இருந்தது.

மறுநாள் வாசல்கள் கூட்டப்படவில்லை என்பதைத்தான் ஊர் முதலில் கவனித்தது. திமிர் என்று சொன்னது. வருகிற ஆடிப் பூசைக்குக் கோயிலுக்குள் வருவோம் என்று காலனிக்காரர்கள் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தார்கள். அந்த மிதப்பு என்றார்கள். குற்றாலலிங்கம் தலையாரியை அனுப்பினார். அவர் செருப்புத் தேய்ந்து வந்து நின்றார்.

"கையை ஆட்டுனா பதிலுக்குக் கையை ஆட்டுதாவ அண்ணாச்சி. அவுகளும் இங்கிட்டுப் பாத்து நடந்துகிட்டேதான் இருக்காவ. எறும்பு மாதிரி தெரியுதாவ. வந்து சேரத்தான் மாட்டேங்காவ."

"நீரு சாராயம் குடிச்சீரா?"

"குடிச்சிருந்தாப் போய்ச் சேந்திருப்பேன்" என்றார் தலையாரி.

பிறகு குற்றாலலிங்கத்தின் பசுவொன்று செத்தது, தூக்க ஆளில்லாமல் நாறியது. கீழவீட்டுக் கிழவியின் சாவுக்குக் கொட்டு இல்லாமல் பிணம் ஊமையாகப் போனது. அறுவடைக்கு முந்தியே வயல் காய்ந்தது. தாலுகா அதிகாரி ஜீப்பில் புறப்பட்டு, பெட்ரோல் தீரும்வரை வயல்பாதையில் ஓட்டி, இறங்கித் தெருமுனைக் கடையிலேயே மோர் குடித்து, பாதை நல்ல நிலையில் இருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதினார். செல்வரத்தினம் தடுப்பூசிப் பெட்டியில் பனிக்கட்டி வைத்துக்கொண்டு வாரந்தோறும் வரப்பில் இறங்கினாள். பனிக்கட்டி உருகித் தண்ணீரானதும் பெட்டியோடு திரும்பினாள். பின்பு வாரம் மாதமாயிற்று, மாதமும் இல்லாமற்போயிற்று. பட்டர், குடமுழுக்கில் இறங்கிய தெய்வ சாந்நித்தியம் என்றார். அந்தச் சொல் ஊருக்குப் பிடித்துப்போயிற்று. ஆடி வந்தது; மனுக் கொடுத்தவர்கள் வரவில்லை; பூசை ஒரு சச்சரவும் இல்லாமல் நடந்தேறியது; அன்றிலிருந்து ஊர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அசௌகரியம் வசதியாகவும், வசதி பழக்கமாகவும், பழக்கம் பெருமையாகவும் மாற எத்தனை காலம் ஆகும் என்று கேட்பவர்களுக்கு அரசடிக்குறிச்சி சொல்லும் விடை, ஓர் அறுவடைக் காலம் என்பதுதான். பள்ளியில் காலனிப் பிள்ளைகள் உட்கார்ந்த பெஞ்சை ஞானசிகாமணி தம் அறைக்கு எடுத்துப்போய்ப் பரிசுக் கோப்பைகளை அடுக்கினார். தெருப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி வைத்து நடக்கும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து, அதற்குத் தொட்டிக்குப் போறது என்று பெயர் வைத்தார்கள். கோபித்துக்கொண்ட மருமகள்களை மாமியார்கள் தொட்டிக்குப் போ என்று ஏசினார்கள். வயல் வேலைக்கும் ஆலை வேலைக்கும் வடக்கேயிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆலைக்குத் தெற்கே தகரக்கொட்டகை போட்டு அவர்களைக் குடிவைத்தார் பொன்னுலிங்கம்.

படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கோயில் மண்டபத்தில் மாட்டினார்கள். கோபுரமும் தேரும் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். தெருவின் மறுகோடியில், குண்டூசித் தலையளவில், ஊசிமுனையால் வரைந்ததுபோல் தொட்டி இருந்தது. அந்தத் துல்லியத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் ஆவுடையப்பனைப் பாராட்டினார்கள். அவன் பாராட்டுகளை ஏற்றுக்கொண்டான். ஒவ்வொரு முறை ஏற்கும்போதும் படத்தில் தொட்டி இருந்த கோடியை மட்டும் பார்க்காமல் தவிர்த்தான். ஏனென்றால் முள் எங்கே இறங்கியிருக்கிறது என்பது உலகில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

வெயிலாட்சி ஆலையின் தவிட்டுக் கிடங்கில் படுத்துக்கொண்டாள். ஒரு குடியிருப்பு முழுவதும் செய்துவந்த வேலைகளை ஊர் அவள் ஒருத்தியிடம் கொடுத்தது. கொடுத்ததை ஒரு சலுகையாகவும் எண்ணிக்கொண்டது. ஸ்டூடியோவின் பின்முற்றத்தையும் அவளே கூட்டினாள். கூட்டும்போது துடைப்பம் கையில் நிற்க, கிழக்கேயே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை அப்படிப் பல நாள் பார்த்தபின், ஒருநாள் காலையில் ஆவுடையப்பன் அவளை உள்ளே கூப்பிட்டான். அவள் வாசற்படியில் தயங்கினாள்.

"உள்ள வா. யாரும் இல்ல. இந்தத் துணிக்குள்ள தலையை விட்டுப் பாரு. கண்ணாடியில தலைகீழாத்தான் தெரியும், பயந்துராதே."

உரசிய கண்ணாடியின்மேல் அவன் பூதக்கண்ணாடியை வைத்துக் கொடுத்தான். அவள் துணிக்குள் தலையை நுழைத்தாள்.

"தெரியுதா?"

"எங்க அத்தை தெரியுதாவ." குரல் துணியைத் தாண்டி மெலிதாக வந்தது. "மடியில வெச்சிருக்காவ. தலைமுடி கொட்டிப்போச்சுய்யா பிள்ளைக்கு."

"அது முளைக்கும்."

"கிட்டத்துல இருக்கான்யா. இந்தாக் கண்ணாடிக்குள்ளதான் இருக்கான்." அவள் விரல் கண்ணாடியில் பட்ட சத்தம் கேட்டது. அவள் மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கியிருக்கவேண்டும். முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு நாள்தோறும் வந்தாள். வளையத்தை எப்படித் திருகினால் உருவம் துலங்கும் என்பதை அவன் காட்டிக்கொடுத்தான், அவள் பழகிக்கொண்டாள். அவளுக்குப் பால் வற்றியது. பிள்ளை தவழ்ந்தான், தொட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான், தொட்டியைச் சுற்றி நடந்தான். எல்லாவற்றையும் அவள் தலைகீழாகவே பார்த்தாள். துணியிலிருந்து தலையை வெளியே எடுக்கும்போது முகத்தில் எதுவும் இருக்காது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் மட்டும் சொன்னாள்:

"முந்தியெல்லாம் இங்கிட்டுப் பாத்துக் கையை ஆட்டச் சொல்லிக்கொடுப்பாவ. இப்ப ஆட்ட மாட்டேங்கான்."

அன்று ஆவுடையப்பன் உண்மையைச் சொன்னான். முள்ளை இறக்கிய கதையை, ஒரு பிழையைச் சொல்கிறவனாக அல்லாமல் ஒரு தொழில்நுட்பத்தை விளக்குகிறவனாகவே அவனால் சொல்ல முடிந்தது. அவள் கேட்டுக்கொண்டாள்.

"மலையில வெச்சுப் புதுசா முள் இறக்கி, அதே இடத்துல நின்னு இன்னொரு படம் எடுத்தா எல்லாம் பழையபடி வந்துரும்."

"வந்துருமாய்யா?"

"வரணும். பழைய முள்ளைக் கழட்டிட்டேன், பாரு. மலை தெளியட்டும். தெருவுல கேமராவை வைக்க அண்ணாச்சி உத்தரவு வேணும், கேக்குதேன்." பிறகு, தொழிலாளியின் பதற்றத்தோடு, "முள் இல்ல, பாத்துத் திருகு. மறந்தாப்புல திருகிக்கிட்டே போனேன்னா லென்ஸு கையோட வந்துரும். இதுமாதிரி ஒண்ணு இனிமே எங்கேயும் கிடைக்காது" என்றான்.

மலை தெளிந்தது. உத்தரவு கேட்டவனிடம் குற்றாலலிங்கம், நாங்களே வருகிறோம் என்று சொல்லியனுப்பி, ஒரு முற்பகலில் எல்லோரோடும் ஸ்டூடியோவுக்கு வந்தார். பெஞ்சுகளில் அமர்ந்தார்கள்: அவர், பொன்னுலிங்கம், ஞானசிகாமணி, பட்டர், தெருவின் ஆண்களில் சிலர், கதவோரம் செல்வரத்தினம். உள்ளே, கிழக்கு ஜன்னலருகே, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி வெயிலாட்சி நின்றுகொண்டிருந்தாள். வழக்கமான நேரத்துக்கு வந்தவள். அவளை யாரும் பார்க்கவில்லை. அவள் நிற்பது தெரிந்திருந்தும் பார்க்கவில்லை.

"என்னமோ திருப்பி எடுக்கணும்னு சொன்னீராமே, எதுக்கு வே?"

"முள்ளைத் தொட்டியில வெச்சிட்டேன் அண்ணாச்சி. மலையில வெச்சிருக்கணும். அதனாலதான் காலனி இப்பிடித் தூரமாப் போச்சு."

ஞானசிகாமணி முன்னால் சாய்ந்தார். "தொழில் முறைப்படி அது தவறா?"

ஆவுடையப்பனுக்கு அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவன் பெருமையே அதில்தான் இருந்தது. "தொழில் முறைப்படி தப்பில்ல சார். இந்த லென்ஸுக்கு இந்த வாசலைத் தாண்டிட்டா எல்லாமே ஒரே தூரந்தான். தொட்டியும் ஒண்ணுதான், மலையும் ஒண்ணுதான்."

"தப்பில்லைன்னு நீரே சொல்லுதீரு. பிறகு எதைத் திருத்தப் போறீரு?" என்றார் குற்றாலலிங்கம்.

பட்டர், இறைவன் சங்கல்பத்தில் கை வைப்பானேன் என்றார். பொன்னுலிங்கம், "மறுபடியும் என் சுவருகிட்டேயா நிக்கப் போறீரு?" என்றார், சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் செல்வரத்தினம் எழுந்தாள்.

"அந்தப் பொண்ணோட பிள்ளை அங்க இருக்கு சார்."

"இருக்கட்டுமே, நல்லாத்தானே இருக்கு?" குற்றாலலிங்கம் அன்பாகவே சொன்னார். "அவ தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கா? பாக்கக் கூடாதுன்னு நாங்க யாரும் சொன்னமா? வேற ஊர்ல இப்படி விடுவானா?"

செல்வரத்தினம் உட்கார்ந்துவிட்டாள்.

குற்றாலலிங்கம் கேமராவைப் பார்த்தார். குட்டையான பித்தளைக் கழுத்தையும், அதில் தடித்துப் பிதுங்கிய லென்ஸையும் ரசித்துப் பார்த்தார். "முள்ளு இப்ப கழட்டித்தானே இருக்கு?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் ஒண்ணு செய்யும். ஆலைக்குத் தெக்க அந்தத் தகரக்கொட்டகை இருக்குல்லா. வேலைக்குத்தான் வந்தானுவ, சரி. இப்பப் பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்து அடுப்பு மூட்டிட்டானுவ. நாளைக்குக் கோயிலுக்குள்ள நிப்பானுவ. மலையில வைக்கப்போற முள்ளை அந்தக் கொட்டகையில வையும்."

"என் ஆலைக்கு ஆளு?" என்றார் பொன்னுலிங்கம்.

"வேற ஆளு வருவான் வே. ஆளுக்கா பஞ்சம்? அவனும் சரியில்லையா, இருக்கவே இருக்கு முள்ளு."

பொன்னுலிங்கம் சற்று யோசித்துவிட்டு, அறுவடை முடிந்தபின் என்றால் தமக்குச் சம்மதம் என்றார். ஞானசிகாமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பட்டர் கண்ணை மூடினார். மற்றவர்கள் தலையசைத்தார்கள், குனிந்து தரையைப் பார்த்தார்கள், கொட்டாவி விட்டார்கள். இல்லை என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலும் இல்லை.

"நீரு என்ன சொல்லுதீரு, ஆவுடையப்பன்? உம்ம கைதானே?"

தன் கைதான் என்பதை ஆவுடையப்பன் நினைத்தான். கொட்டகையைப் பார்க்கக் கேமராவை எந்தப் பக்கம் திருப்பவேண்டும், முள்ளுக்கான துளையை எந்த இடத்தில் போடவேண்டும் என்று அவன் மனம், அவனைக் கேட்காமலே, கணக்குப்போட ஆரம்பித்திருந்தது. மணப்பெண்ணின் தகப்பனாரிடம் பேசும் அதே பணிவான குரலில், "செய்யலாம் அண்ணாச்சி" என்றான்.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டான். எண்ணெயிட்ட பித்தளை பித்தளைக்குள் சுழலும் சத்தம். அவனைத் தவிர வேறு எவர் காதுக்கும் எட்டாத மெல்லிய சத்தம். வளையம் திரும்பிக்கொண்டிருந்தது. முள் இருந்திருந்தால் நின்றிருக்கவேண்டிய இடத்தைக் கடந்தது. நின்ற இடத்திலேயே அவன் அந்தச் சுற்றுகளை எண்ணினான். அந்தத் துணிக்குள், ஒவ்வொரு திருப்பத்துக்கும், தொட்டியின் விளிம்பு முதலில் தடித்திருக்கும், பிறகு அதன் கால்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும், அதன் காலடியில் நடந்துகொண்டிருந்த பிள்ளை ஒரு சிறிய கறுப்புக் கறையாகி, சாம்பலாகி, வெறும் வெளிச்சமாகியிருப்பான். அதை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டேதான் திருகுகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. அவள் அவசரப்படவில்லை. அவன் சொல்லிக்கொடுத்தபடி, மரை கெடாமல், நிதானமாகத் திருகினாள்.

கறுப்புத் துணி விலகியது. வெயிலாட்சி நிமிர்ந்தாள். அவள் உள்ளங்கையில் லென்ஸ் இருந்தது. உரசிய கண்ணாடியில், ஜன்னல் வெளிச்சத்தைத் தவிர, எதுவும் இல்லை.

அவள் அதை முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள். பின்கதவு பக்கத்திலேயே திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் அவள் போகவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே, தெருவாசலை நோக்கி நடந்தாள். பிடியுங்கள் என்று குற்றாலலிங்கத்தின் கை உயர்ந்தது. யார் பிடிப்பது என்று தெரியாமல் அந்தரத்திலேயே நின்றது. அவளை நிறுத்தவேண்டுமானால் அவளைத் தொடவேண்டும். பொன்னுலிங்கம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஞானசிகாமணி வேட்டி நுனியை ஒதுக்கிக்கொண்டார். பட்டர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். தலைமுறை தலைமுறையாகப் பழகிய உடல்கள் இருபுறமும் தாமாக விலகி, அவளுக்கு வாசல்வரை அகலமான வழி ஒன்றைத் திறந்துவிட்டன. அந்த வழியே, ஒருவரையும் பாராமல், அவள் வெளியே நடந்தாள்.